மாத்திரை போட்டால் மைலேஜ் வராது

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் டேங்கில் ஒரு பச்சை மாத்திரையைப் போட்டால் வண்டி முப்பது சதவீதம் கூடுதலாக ஓடுமாம். இன்ஜின் சத்தம் குறையுமாம். புகை வராதாம். பத்து மாத்திரை உள்ள அட்டை 900 ரூபாய். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஒரு அட்டை இலவசம். நம் உறவிலேயே ஒருவர் அதற்கு ஏஜென்ட் எடுத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து விசேஷத்தில், இலையில் பாயசம் விழுவதற்குள் நாலு பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். பெயர் சொல்ல மாட்டேன். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குழுவில் "இது பொய், யாரும் வாங்காதீர்கள்" என்று ஒரே வரி போட்டேன். உடனே ஒரு பதில்: "டீச்சர், நீங்க ஆசிரியர் பயிற்சிதானே முடிச்சீங்க, இன்ஜினியரிங் இல்லையே?" உண்மைதான் தம்பி. நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள். முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள். ஆனால் இந்த மாத்திரையை எடைபோட இன்ஜினியரிங் வேண்டாம். எட்டாம் வகுப்பு அறிவியல் போதும். அந்த எட்டாம் வகுப்பு அறிவியலை உனக்கு எடுத்தது நான்தான்.

மாத்திரைக்காரர் என்ன சொல்கிறார்? "உங்கள் இன்ஜினில் பெட்ரோல் பாதிதான் எரிகிறது, மீதி வீணாகப் போகிறது, எங்கள் மாத்திரை அதை முழுசாக எரிய வைக்கும்" என்கிறார். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, இல்லையா? இங்கேதான் பிடி இருக்கிறது. ஒழுங்காக இருக்கும் ஒரு இன்ஜினில், உள்ளே போகும் பெட்ரோலில் நூற்றுக்கு 97, 98 பங்கு ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் வெளியே போவது இரண்டு, மூன்று பங்கு. அந்த மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் எரித்தாலும் லாபம் இரண்டு, மூன்று சதவீதத்தைத் தாண்டாது. முப்பது எங்கிருந்து வரும்?

அப்படியானால் பெட்ரோல் வீணாவதே இல்லையா என்று கேட்பீர்கள். வீணாகிறது, நிறையவே வீணாகிறது. ஆனால் எரிந்த பிறகு. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் எழுபது ரூபாய்க்கு மேல் சூடாகத்தான் போகிறது. சைலன்சரைத் தொட்டுச் சூடுபட்டவர்களைக் கேளுங்கள், அந்தக் காசு எங்கே போகிறது என்று சொல்வார்கள். அந்தச் சூட்டை மறுபடி ஓட்டமாக மாற்ற இன்ஜினையே வேறு மாதிரி கட்ட வேண்டும். கார் கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டி ஒவ்வொரு சதவீதமாகத்தான் அதில் முன்னேறுகின்றன. டேங்கில் விழும் பட்டாணி அளவு மாத்திரைக்கு அங்கே வேலையே கிடையாது. அப்படி ஒரு பொருள் உண்மையில் இருந்தால், அந்தக் கம்பெனிகள் அதை இந்தத் திருப்பாலைவனத்துக் காதுகுத்து வரை வர விட்டிருக்குமா?

காந்தமும் இப்படித்தான். பெட்ரோல் குழாயைச் சுற்றி இரண்டு காந்தத் துண்டைக் கட்டினால் "மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும்" என்கிறார்கள். பெட்ரோல் என்ன இரும்புத் தூளா, வரிசையில் நிற்க? இன்னொன்று, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குள் விடும் பெட்டி. தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து வரும். பேட்டரியை அதே இன்ஜின்தான் அதே பெட்ரோலில் சார்ஜ் செய்கிறது. கிணற்றில் ஒரு குடம் இறைத்து, அரைக் குடத்தை வழியில் கொட்டி, மீதியைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றிவிட்டு "பார், கிணறு நிறைகிறது" என்று சொல்வது போல. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கினீர்களே. அந்த மார்க்கைத் திருப்பிக் கேட்கலாம் போலிருக்கிறது.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்று ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. இப்படி "பெட்ரோல் மிச்சம் பிடிக்கும்" சாமான்களை நூற்றுக்கும் மேல் ஆராய்ந்தும் சோதித்தும் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜை உயர்த்திய சாமான் என்று ஒன்றையும் அது காணவில்லை. ஓரிரண்டு சாமான் துளி கூட்டியிருக்கலாம், அதற்கும் புகையை அதிகமாக்கியது போன்ற வேறு தண்டனை இருந்தது.

"ஆனா டீச்சர், வாங்கினவங்க மைலேஜ் கூடிச்சின்னு சொல்றாங்களே?" சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 900 ரூபாய் கொடுத்தவன் அடுத்த நாளிலிருந்து ஆக்சிலரேட்டரை மெதுவாகத்தான் திருகுவான். டயருக்குக் காற்றும் பிடித்துக்கொள்வான். அன்றாடம் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். மைலேஜ் கூடத்தான் செய்யும். புகழ் மாத்திரைக்குப் போகும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பு எடுத்த பையன் ஒருவன் இன்று குட்டி யானை ஓட்டுகிறான். விடியற்காலையில் பழவேற்காட்டில் மீனும் இறாலும் ஐஸ் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்த் திரும்புகிறான். போக வர நூற்றுப் பத்து, நூற்று இருபது கிலோமீட்டர். ஏழு லிட்டர் டீசல், கிட்டத்தட்ட 650 ரூபாய். வண்டி தவணை, ஐஸ், டோல், கூட வரும் பையனுக்குக் கூலி எல்லாம் போக அவன் கையில் மிஞ்சுவது சில நாள் 400, சில நாள் 300. மழைக்காலத்தில் போட்டு கடலுக்குப் போகாத நாளில் ஒன்றுமில்லை. அவனிடம் "முப்பது சதவீதம்" என்று சொன்னால் அவன் மனசுக்குள் என்ன கணக்கு போடுவான்? ஒரு நாளைக்கு 200 ரூபாய் மிச்சம், மாசத்துக்கு 5,000. பிள்ளையின் பள்ளிக்கூட வேன் கட்டணம் வந்துவிடும். அவன் பேராசைப்பட்டு வாங்கவில்லை. கடன் வாங்கி இரண்டு அட்டை வாங்கியிருக்கிறான். நீங்கள் ஃபார்வர்டு அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகிறது. அவனுக்கு அது ஐந்து நாள் சம்பாத்தியம்.

இது முதல் முறையும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய என் மாணவர்களுக்கு 1996 நினைவிருக்கும். ராஜபாளையம் பக்கத்து கிராமத்துக்காரர் ராமர் பிள்ளை, மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் செய்கிறேன் என்று வந்தார். டெல்லி வரைக்கும் போய்ச் செய்து காட்டினார். பத்திரிகை எல்லாம் அவர் படம். எங்கள் ஆசிரியர் அறையே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வகுப்பில் பிள்ளைகள் "டீச்சர், எந்த இலை டீச்சர் அது?" என்று கேட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த செடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கவனமாக மேற்பார்வை வைத்துச் சோதித்தபோது அவரால் நிரூபிக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் சென்னையில் கடை வைத்து "மூலிகை எரிபொருள்" விற்பனை நடந்தது. 2000இல் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. விற்றது மூலிகைச் சாறு இல்லை, டொலுவின், நாப்தா போன்ற பெட்ரோலிய ரசாயனங்களின் கலவை என்பது வழக்கு. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்துத் தீர்ப்பளித்தது. பதினாறு வருஷம் ஆயிற்று தீர்ப்பு வர. கதை வர ஒரே நாள் ஆயிற்று.

இன்றைக்கும் நம் குழுவில் "தமிழன் கண்டுபிடிப்பை அமுக்கிவிட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழனுக்குப் பெருமை வேண்டும்தான். அதற்காகத் தமிழன் சொன்னால் இலை பெட்ரோலாகும் என்று நம்ப வேண்டுமா? அந்தக் கதையில் ஏமாந்தவர்களும் தமிழர்கள்தானே. எதையாவது எரிக்காமல் வண்டி ஓடாது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, சென்னை மாகாணத்தில் பஸ்ஸோடு பெரிய உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்களாம், என் அப்பா சொல்லுவார். பெட்ரோலுக்கு மாற்று என்றால் அப்படித்தான் இருக்கும். கரி வேண்டும், சாம்பல் விழும், வேட்டி அழுக்காகும். ஒரு மாத்திரையில் முடிகிற காரியமாக அது என்றைக்கும் இருந்ததில்லை.

குழுவில் வரும் மற்ற ஃபார்வர்டுகளையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன், வந்ததே வந்தோம்.

விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமாம், குளிரில் பெட்ரோல் சுருங்கி இருக்குமாம். சுருங்குவது உண்மை. பத்து டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு சதவீதம். ஆனால் பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் டேங்கில் இருக்கிறது. மேலே வெயில் ஏறி இறங்கினாலும் கீழே அவ்வளவு மாறாது. அப்படியே முழு ஒரு சதவீதம் கிடைத்தாலும் ஐந்து லிட்டருக்கு ஐந்து ரூபாய். அதற்காக அலாரம் வைத்து எழுந்து பொன்னேரி வரை போனால் போகிற பெட்ரோலுக்குக்கூடக் காணாது.

100 ரூபாய்க்குப் போடாதே, 110க்குப் போடு என்று ஒன்று. மெஷின் அளப்பது லிட்டரை. ரூபாய் என்பது அது போடும் பெருக்கல் கணக்கு. 2017 ஏப்ரலில் லக்னோவில் சில பங்குகளில் சிறப்பு அதிரடிப் படை சோதனை போட்டபோது, மெஷினுக்குள் சிப் வைத்து அளவைக் குறைத்தது பிடிபட்டது. அப்படி சிப் வைத்தவனுக்கு நீ 100 கேட்டால் என்ன, 110 கேட்டால் என்ன, 113 கேட்டால் என்ன? ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். "இதில் பிடித்துக் காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் முன்பின் இருக்கலாம். கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும். என் வகுப்பில் நான் முறைக்காத முறைப்பா?

வெயில் காலத்தில் டேங்கை நிரப்பினால் வெடிக்கும் என்று இந்தியன் ஆயில் பெயரிலேயே ஒரு எச்சரிக்கை வருஷா வருஷம் சித்திரை மாசம் வந்துவிடுகிறது. அது நாங்கள் சொன்னதல்ல என்று அந்தக் கம்பெனியே மறுத்துவிட்டது. போதும்.

இனி, உண்மையிலேயே காசு மிச்சமாகும் இடத்துக்கு வருகிறேன். அது யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் அதில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை. மத்திய அரசின் பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம், பி.சி.ஆர்.ஏ. என்பார்கள், 1978இல் தொடங்கியது. அது இத்தனை வருஷமாகத் துண்டுப் பிரசுரம் போட்டுக் கத்துகிறது: 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குப் பதில் 45இலிருந்து 55க்குள் போனால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று. நாற்பது! மாத்திரைக்காரர் சொல்வதைவிட அதிகம், அதுவும் இலவசம். யாராவது ஃபார்வர்டு செய்தீர்களா?

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், காற்று. நாம் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். 80இல் போனால் பதினைந்து நிமிஷம், 50இல் போனால் இருபத்து நாலு நிமிஷம். அதுவும் ரோடு காலியாக இருந்தால். மாடு, டிராக்டர், குழி எல்லாம் தாண்டிப் போகையில் அந்த ஒன்பது நிமிஷ வித்தியாசமும் நாலாகிவிடும். அந்த நாலு நிமிஷத்தில் என்ன சாதிக்கிறீர்கள்? டீக்கடையில் உட்கார்ந்து போன் பார்க்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

டயர் காற்று. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. காற்று கால் பங்கு குறைந்தால் பெட்ரோல் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை கூடுதலாகக் குடிக்கும், டயரும் சீக்கிரம் தேயும். இதுவும் அந்தத் துண்டுப் பிரசுரத்திலேயே இருக்கிறது. எனக்கு ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, ஓய்வு பெற்ற பிறகும் நான்தான் ஓட்டுகிறேன். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். பின் டயரில் காற்று இறங்கியது தெரியாமல் ஓடிய வாரத்தில் 47 கொடுக்கும் வண்டி 43தான் கொடுத்தது. காற்றுப் பிடித்ததும் பழையபடி 47. பங்கில் காற்று இலவசம். இறங்கி நிற்கத்தான் நமக்கு வலிக்கிறது.

நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விடுவது இன்னொரு வியாதி. ஐஸ் ஏற்றும் வரைக்கும் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகும் வரை ஏ.சி. போட்டுக் கார் நிற்கும். பத்து நொடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் லாபம். ஒரு கார் சும்மா ஒரு மணி நேரம் நின்றாலே அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும்.

சென்னையில் இருக்கும் என் அக்கா பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். காரின் டிக்கியில் ஆறு மாதமாக இருக்கும் அரிசி மூட்டை, கிரிக்கெட் மட்டை, பழைய பேட்டரி எல்லாவற்றையும் இறக்குங்கள். மேலே கட்டியிருக்கும் கேரியரை ஊருக்கு வரும்போது மட்டும் மாட்டுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று நினைக்காதீர்கள். இப்போதைய கார்களில் கியரில் இருக்கும்போதே காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் குடிக்கும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. நம் பக்கம் மேடு என்றாலே பாலம்தான், ஆனால் நீங்கள் ஏற்காடு, ஊட்டி என்று போகிறீர்களே. அப்புறம், விளம்பரத்தில் போட்ட மைலேஜ் வரவில்லை என்று ஷோரூமில் போய்ச் சண்டை போடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண். அந்த உருளைக்கு மீஞ்சூர் கன்டெய்னர் லாரி நெரிசல் தெரியாது.

இந்த இடத்தில் அரசாங்கத்தையும் ஒரு கேள்வி கேட்காமல் விட்டால் நியாயமில்லை. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். அது பிரமை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இருபது சதவீதக் கலவையில் ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறைவு, பத்து சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்று, நாலு சதவீதம். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே, இதற்கென்று சரிசெய்த கார்களில் ஒன்றிரண்டு சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று ஒத்துக்கொண்டது. "என் வண்டியில் இருபது சதவீதம் குறைந்துவிட்டது" என்கிறவர்கள் எத்தனாலை மட்டும் திட்டாமல் ஏர் பில்டரையும் கழற்றிப் பாருங்கள். ஆனால் என் கேள்வி இது. 2021இல் நிதி ஆயோக் தந்த திட்ட அறிக்கையிலேயே, சக்தி குறைவுக்கு ஈடாகக் கலவைப் பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கலவை வந்தது. விலை குறைந்ததா? நூறு ரூபாயைத் தாண்டித்தானே நிற்கிறது. கரும்பு விவசாயிக்கு நல்லது, அன்னியச் செலாவணி மிச்சம் என்கிறீர்கள், சரி. அந்த நல்லதுக்கான பாக்கியை எக்ஸ்.எல். வண்டியில் மீன் கூடை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற அம்மா ஏன் கட்ட வேண்டும்? மாத்திரைக்காரனை நம்பும் நிலைக்கு ஜனங்களைக் கொண்டுவந்து விட்டதில் இதற்கும் பங்கு உண்டு.

கடலுக்குப் போகும் என் பிள்ளைகளுக்கும் நாலு வார்த்தை. மாத்திரை இப்போது குப்பங்களுக்கும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், போட்டுக்குத் தனி "ஸ்பெஷல்" அட்டையாம். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு கனம். ரோட்டில் வேகத்துக்குக் கொடுக்கும் விலையைவிடத் தண்ணீரில் பல மடங்கு கொடுக்கிறீர்கள். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே, அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சமாகும் என்று கணக்கு சொல்கிறது. ஏலத்துக்கு முதலில் வந்து சேர வேண்டும் என்று கரை திரும்பும்போது முழு வேகத்தில் விரட்டுவது எனக்குப் புரிகிறது, அது உங்கள் பிழைப்பு. போகும்போதாவது மெதுவாகப் போகலாமே. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுரண்டி வையுங்கள். தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் ஒரு இதழ் அடிபட்டிருந்தாலும் எண்ணெய் போகும். இவை எதற்கும் மாத்திரை வேண்டாம்.

ஆனால் முகத்துவாரம் தூர்ந்து, மணல்மேடு தட்டி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஏறும் வரை காத்துக்கிடந்து, சுற்றிப் போய், தள்ளிவிட்டு எரிக்கிற எண்ணெய் இருக்கிறதே, அதை உங்களால் மிச்சம் பிடிக்க முடியாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று நீங்கள் மனு எழுதிப் போகும்போது, அதில் ஒரு நாளைக்கு ஒரு போட்டுக்கு எத்தனை லிட்டர் கூடுதலாகப் போகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்து அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். கணக்கு இல்லாத மனு அவர்களுக்கு வெறும் அழுகையாகத்தான் கேட்கும்.

ஏஜென்ட் எடுத்திருக்கும் உறவினருக்கு இப்போது நேராகவே சொல்கிறேன். தம்பி, நீ கெட்டவன் இல்லை. உன்னிடமும் யாரோ முன்பணம் வாங்கிவிட்டார்கள், அதை மீட்க நீ ஓடுகிறாய். எனக்குத் தெரியும். ஆனால் நீ யாரிடம் விற்கிறாய் என்று பார். பங்களாக்காரரிடம் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர், குட்டி யானைக்காரர், மீன்கார அம்மா. நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில்தான் நீ இலையில் உட்காரப் போகிறாய்.

"பெரியம்மா சும்மா எதிர்க்கிறாங்க, போட்டுப் பார்த்தாதானே தெரியும்" என்று நீ குழுவில் எழுதியிருந்தாய். சரி, போட்டுப் பார்க்கலாம். ஆனால் நான் சொல்கிற மாதிரி. என் ஸ்கூட்டரையே தருகிறேன். ஒரே பங்கில், ஒரே மெஷினில், குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்ப வேண்டும். கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். 150 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை, மறுபடி பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். இதுபோல் நாலு தடவை மாத்திரையோடு, நாலு தடவை மாத்திரை இல்லாமல். எந்தத் தடவை மாத்திரை இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது. மாத்திரையைப் போடுவதும் போடாததும் பக்கத்து வீட்டுக்காரர், அவர் சீட்டில் எழுதிக் கவரில் ஒட்டி வைத்துக்கொள்வார். ஓட்டுவது நம் குட்டி யானைத் தம்பி, அவன்தான் கையைக் காலை ஒரே சீராக வைத்து ஓட்டுவான். டயரில் காற்று எட்டுத் தடவையும் ஒரே அளவு. பெட்ரோல் செலவு என் பென்ஷனில்.

முப்பது வேண்டாம். பத்து சதவீதம் கூடியது என்று நோட்டில் வந்தால், உன்னிடம் இருக்கும் அத்தனை அட்டையையும் நானே வாங்கிக்கொள்கிறேன், இதே பக்கத்தில் எழுதியும் விடுகிறேன். வரவில்லை என்றால், காதுகுத்தில் வாங்கிய நாலு பேர் முன்பணத்தையும், அந்தப் பையனின் இரண்டு அட்டைக் காசையும் நீ திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சாட்சிக்கு வரலாம், காபி உண்டு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வா. டேங்க் காலியாக வைத்திருக்கிறேன். நோட்டு என்னிடம் இருக்கிறது.